ராத்தாவின் கடையில் நான் உண்மை விற்ற கதை

கல்பிட்டி,
வியாழன், அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மர்ளியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தம்பி முஸம்மில் எழுதுகிறேன். நாங்கள் இங்கே உயிருடனும் ஏறக்குறைய மரியாதையுடனும் இருக்கிறோம். தோஹாவில் நீங்களும் மகள் ஸுஹைராவும் புதிதாக வந்திருக்கும் பேத்தியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளைக்கு பதுர்தீன் மச்சானின் மூக்கு என்றார்கள். மச்சான் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு "பாவம்" என்றார்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் முதல் வசனத்துக்கே நீங்கள் குறுக்கே கேள்வி கேட்டு, இரண்டாவது வசனத்துக்கு அழத் தொடங்கிவிடுவீர்கள். மூன்றாவதை ஸுஹைராவின் மாப்பிள்ளைதான் கேட்டுக்கொண்டிருப்பார். நமது பக்கத்து வீட்டு இப்ஹாம் லீவு முடிந்து நாளை தோஹாவுக்குத் திரும்புகிறான். கருவாட்டுப் பார்சலோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டை முதலில் பிரியுங்கள். மனம் கொஞ்சம் நல்லபடியாக இருக்கும்போது இதை வாசியுங்கள்.

நீங்கள் புறப்படும்போது வாசலில் நின்று எனக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். கடையை மச்சான் பார்த்துக்கொள்வார், மச்சான் வாயைத் திறக்காமல் நீ பார்த்துக்கொள் என்றீர்கள். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன். பதினாறு வருடம் கொழும்பில் விளம்பரக் கம்பனியில் இருந்தவன் நான். சவர்க்காரம் போட்டால் குடும்பத்தில் சந்தோஷம் வரும் என்று நாட்டையே நம்ப வைத்தவன். கம்பனி ஆட்குறைப்புச் செய்ததால் வீட்டுக்கு வந்திருக்கிறேனே தவிர, திறமை குறைந்து வரவில்லை. அப்படிப்பட்ட எனக்கு ஒரு மனுஷனின் வாயைச் சமாளிக்க முடியாதா என்று நினைத்தேன். இத்தனை காலமும் நீங்கள் முன்னால் நின்று ஆட்களோடு கதைத்தீர்கள், மச்சான் பின்னால் அடுப்போடு நின்றார். அந்த ஏற்பாட்டை ஏன் செய்து வைத்திருந்தீர்கள் என்பது நீங்கள் போன மறுநாளே விளங்கிவிட்டது.

பாலாவியில் இருந்து ஒரு குடும்பம் வந்து மீன் சோறு கேட்டது. மச்சான் அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாரை மீன் நேற்று வாங்கியது, தனக்கே அதில் மனமில்லை, கோழி எடுங்கள் என்றார். கோழி எப்படி என்று கேட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள். கலியாண விருந்துக்கு ஓடர் கொடுக்க வந்த ஒருவரிடம், பிரியாணி நாங்கள் செய்வோம், வட்டிலப்பத்துக்கு மட்டும் சந்திக் கடைக்குப் போங்கள், அங்கேதான் கை நல்லம் என்றார். அவர் இரண்டையும் சந்திக் கடையிலேயே கொடுத்துவிட்டார். நான் மச்சானைத் தனியே கூப்பிட்டு, தொடர்பாடல் என்பது என்ன, சொல்லாமல் விடுவதும் ஒரு கலை என்பதை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் கொழும்பில் இருந்து வந்ததில் இருந்து நிறையக் கதைக்கிறேன் என்றும், அதில் பாதி தனக்கு விளங்கவில்லை என்றும், விளங்கிய பாதி சரியில்லை என்றும் சொன்னார்.

ஆகவே, ராத்தா, நான் ஒரு போர்ட் எழுதினேன். 'கடலிலிருந்து நேரே உங்கள் தட்டுக்கு.' கொழும்பில் இதற்கு மூன்று கூட்டம் வைத்திருப்பார்கள், நான் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் எழுதினேன். மறுநாள் காலையில் பார்த்தால் 'நேரே' என்ற சொல்லுக்கு மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது. கடலில் இருந்து கரையில் உள்ள மீன் வாடிக்கு வந்து, அங்கிருந்து ஐஸ் பெட்டிக்கு வந்து, பிறகு சட்டிக்கு வந்துதானே தட்டுக்கு வருகிறது, அதில் எங்கே நேரே என்றார் மச்சான். இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த நேரத்தில்தான் அந்த வீடியோ வந்தது.

காற்றாடி கட்டிக் கடலில் ஓடுவதற்கு ஆட்கள் வரும் பருவம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி வந்த கொழும்புப் பிள்ளைகள் சிலர் நமது கடைக்கு வந்தார்கள். அதில் ஒரு பிள்ளை வழமை போலப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கிள், இங்கே எது விசேஷம் என்று கேட்டிருக்கிறாள். மச்சான் போனைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "இன்டைக்கு இங்க விசேஷமா ஒண்டும் இல்ல மகள். பாரை பழசு. கணவாய் ரப்பர் மாதிரி வந்திருக்கு, அது என்ட பிழை, கூட நேரம் அடுப்புல விட்டுட்டன். பசி எண்டா பருப்பும் சோறும் திண்டுட்டுப் போங்க. அது நல்லம்."

அடுத்த ஜும்ஆவுக்குள் அதைப் பார்க்காத ஆள் நாட்டில் இல்லை என்ற நிலைமை. இப்படி ஒரு மனுஷன் இன்னும் இருக்கிறாரா என்று சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் எழுதினார்கள். வேன் வேனாக வந்தார்கள். குருநாகலில் இருந்து வந்த ஒரு ரீச்சர் கூட்டம் மச்சானோடு வரிசையில் நின்று படம் எடுத்தது. ராத்தா, என் தொழில் எனக்கு முன்னால் எழும்பி நின்று சலாம் சொன்ன மாதிரி இருந்தது. 'நம்பகத்தன்மை' என்று கொழும்பில் நாங்கள் வாய் வலிக்கக் கதைத்த அந்தச் சாமானை, நான் வருடக்கணக்காக நடிகர்களை வைத்தும் வெளிச்சம் அடித்தும் செய்ய முயன்று முடியாமல் போன அதே சாமானை, என் மச்சான் கணவாயை ரப்பராக்கிவிட்டுச் சும்மா செய்திருக்கிறார்.

இனி வருவதை இருந்துகொண்டு வாசியுங்கள். கடைக்கு மேலே இருந்த 'மர்ளியா சாப்பாட்டுக் கடை' என்ற உங்கள் பெயரை நான் இறக்கினேன். 'உண்மைக் கடை' என்று புதிதாக ஏற்றினேன். மச்சான் வேண்டாம் என்றுதான் சொன்னார். கடைக்குப் போனில் ஒரு பக்கம் திறந்து, அதில் படம் போடுவது எப்படி என்று அவருக்கும் பழக்கினேன். அவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன்கள் தூக்கப்படும்போது அவர் குரல் கொஞ்சம் உயர ஆரம்பித்தது. தாடியைச் சீவிக்கொண்டு வந்தார். பெருநாளுக்கு எடுத்த சாரத்தைச் சாதாரணச் செவ்வாய்க்கிழமை உடுத்தினார். சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் முதலில் கேட்க நிறைய ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

இப்படி இருக்கும்போது ஒரு பெரிய சோதனை, முசீபத்து, வந்து சேர்ந்தது. மீன் நல்லதாக வந்துவிட்டது.

காற்றுத் தணிந்து, போன தோணி எல்லாம் நிறைந்து வந்த நாட்கள். அறுக்குளா மீன் வெள்ளிக்கட்டி மாதிரி. சாள்ஸ் அண்ணன் கொண்டு வந்து இறக்கிய இறால் உயிரோடு துள்ளியது. கண்டக்குளியில் வாடி வைத்திருக்கும் அதே சாள்ஸ் அண்ணன்தான், நீங்கள் கடை திறந்த நாளில் இருந்து நல்லதை உங்களுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சிலாபத்துக்கு அனுப்புகிறவர். மச்சானுக்கும் அன்றைக்குக் கை நன்றாக வந்தது. சட்டியில் கொதித்த மீனாணத்தின் வாசம் றோட்டு வரைக்கும் போனது. ஒரு வேன் நிறையப் பேர் இறங்கினார்கள், போனைத் தூக்கினார்கள், அங்கிள், இன்றைக்கு எதைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கு. விரும்பினத எடுங்க" என்றார் மச்சான்.

அவர்கள் முகம் விழுந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ராத்தா. போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு பெண், எல்லாக் கடைக்காரரும் இதைத்தானே சொல்கிறார்கள், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தன் மாப்பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சாப்பிட்டார்கள், விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள், ஆனால் ஏமாந்த முகத்தோடு சாப்பிட்டார்கள். மறுநாளும் மீன் நல்லம். அதற்கு அடுத்த நாளும் நல்லம். மச்சான் மனுஷன் மூன்று நாளும் எல்லாம் நல்லம் என்றே சொல்லி நமது பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து கெஞ்சினேன். ஒரே ஒரு சாமானை மட்டும் கூடாது என்று சொல்லுங்கள், ஆட்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள், அதில் யாருக்கும் நட்டமில்லை என்றேன். மச்சான் அகப்பையைக் கீழே வைத்தார்.

"நல்லதக் கூடாதுண்டு சொன்னாலும் பொய்தானே முஸம்மில்" என்றார். "அதுக்கு நான் பழைய மாதிரி உள்ளுக்கே நிக்கிறன்."

உள்ளே போய்விட்டார். வெளியே வேன் வந்து நின்றது. ராத்தா, அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பதினாறு வருடப் பழக்கம் கைக்குள் இருந்து தானாக எழும்பிய மாதிரி இருந்தது. கறுப்புப் பலகையை எடுத்து, 'இன்று எங்கள் இறாலைத் தவிருங்கள். உண்மையுடன், உண்மைக் கடை' என்று மூன்று மொழியிலும் எழுதி வாசலில் வைத்தேன். எழுத்தும் அழகாக வந்தது. வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லோரும் பலகையைப் படம் எடுத்தார்கள். எடுத்துவிட்டு, அவ்வளவு மோசமா என்று பார்க்க எல்லோரும் இறாலையே கேட்டுச் சாப்பிட்டார்கள். இறால் முடிந்துவிட்டது. இதைவிட நல்ல விளம்பரம் நான் செய்ததே இல்லை என்று, அல்லாஹ் மன்னிக்கட்டும், மிகவும் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் மச்சான் மீன் வாங்கக் கரைக்குப் போய் வெறும் கூடையோடு வந்தார். யாரும் காரணம் சொல்லவில்லையாம். கேட்டதற்கெல்லாம், இது ஓடர், அது ஓடர் என்று மற்றப் பக்கம் திரும்பி நின்றார்களாம். அன்றைக்குப் பருப்பும் முட்டையும் மட்டும் சமைத்தார். வந்த ஆட்கள் பருப்பும் முட்டையுமா என்று கேட்டு அதற்கும் கைதட்டினார்கள். மச்சானுக்கு அந்தக் கைதட்டல் அடித்த மாதிரி இருந்தது. அவர் முகம் வாடியதை முதல் தடவையாகப் பார்த்தேன். பின்னேரம் ஆள் விட்டு விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிய வந்தது. நமக்குத் தந்த அதே இறாலில் மிச்சத்தைச் சாள்ஸ் அண்ணன் சிலாபச் சந்தைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே வழமையாக எடுக்கும் முதலாளி, போனில் நமது பலகையின் படத்தைக் காட்டி, உன் இறாலை உன் ஊர்க் கடைக்காரனே தின்ன வேண்டாம் என்கிறான், நாட்டிலேயே பொய் சொல்லாத கடை அது, நான் எப்படி எடுப்பது என்று பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மற்ற மீன்காரர்களுக்கு அடுத்தது தங்கள் மீன்தான் என்று பயம் வந்துவிட்டது.

பலகையை எழுதியது யார் என்று மச்சான் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லம். அந்தப் பலகையைக் கழுவி, வெயிலில் சாத்தி வைத்துவிட்டு, "மர்ளியாக்கு நான் என்னத்தச் சொல்லுற" என்று மட்டும் கேட்டார்.

இரவு முழுக்க அல்ல, ஆனால் இஷா வரைக்கும் இருந்து நான் ஒரு மன்னிப்பு அறிக்கை தயாரித்தேன். கம்பனிகள் தவறு செய்தால் அறிக்கை எழுதிக் கொடுப்பதும் என் வேலையாகத்தான் இருந்தது; அதில் எனக்கு நல்ல பெயரும் உண்டு. காலையில் அதை எடுத்துக்கொண்டு மச்சானோடு கண்டக்குளிக்குப் போனேன். சாள்ஸ் அண்ணன் வாடிக்கு முன்னால் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். எழும்பவில்லை. எங்களை இருக்கச் சொல்லவும் இல்லை. பேப்பரைப் பார்த்துவிட்டு, தனக்குக் கண்ணாடி இல்லை, நீயே வாசி என்றார். அவருடைய ஆட்களும் வந்து சுற்றி நின்றார்கள். நான் வாசித்தேன்.

"அண்மையில் எமது உணவகத்தின் அறிவிப்புப் பலகையூடாகப் பகிரப்பட்ட தகவலினால் எவருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின்..."

"நில்லும்" என்றார் சாள்ஸ் அண்ணன். "ஏற்பட்டிருப்பின் எண்டா? ஏற்பட்டதா இல்லையா?"

ஏற்பட்டது என்றேன்.

"எவருக்கேனும் எண்டு இருக்கு. அது ஆரு?"

நீங்கள் என்றேன்.

"பகிரப்பட்ட எண்டு வாசிச்சீர். ஆரு பகிர்ந்த?"

ராத்தா, என் தொழில் முழுக்க நான் அந்தக் கேள்விக்குப் பதில் வராத மாதிரி வசனம் எழுதிச் சம்பாதித்தவன். தவறு நடந்துவிட்டது என்று எழுதுவேன், தவறு தானாக நடந்து வந்து உட்கார்ந்த மாதிரி. வருந்துகிறோம் என்று எழுதுவேன், அந்த 'நாங்கள்' யார் என்று ஒருவரும் தேடி வர மாட்டார்கள். இங்கே அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேப்பரில் அடுத்த வரியைத் தேடினேன். அது இன்னும் நீளமாக இருந்தது. பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"நான்தான் சாள்ஸ் அண்ண. உங்கட இறால்ல ஒரு குறையும் இல்ல. ஆக்கள் சிரிக்கட்டும் எண்டு நான் பொய் எழுதினன்."

சாள்ஸ் அண்ணன் வலையில் இருந்த ஒரு சிப்பியைப் பிடுங்கித் தூர எறிந்தார். இதை வந்தவுடன் சொல்லியிருக்கலாமே, வேலையைப் போட்டுவிட்டு இவ்வளவு நேரம் பேப்பர் கேட்டுக்கொண்டு இருக்கிறேன் என்றார். பிறகு, இதே சொல்லைச் சிலாபத்தில் அந்த முதலாளிக்கு முன்னாலும் வந்து சொல்ல வேண்டும், பேப்பர் இல்லாமல் சொல்ல வேண்டும் என்றார். அவருடைய இறால் பெட்டிகளோடு லொறியில் பின்னால் ஏறிப் போனோம், நானும் மச்சானும்.

சிலாபச் சந்தை விடியச் சாமத்தில்தான் சூடு என்றாலும், நாங்கள் போன நேரத்திலும் கால் வைக்க இடமில்லை. முதலாளி ஒரு கதிரையில் ஏறி நின்று ஆட்களை ஏசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள் நான் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன்: இந்த மனுஷனின் இறால் நல்ல இறால், அதைக் கெட்டது என்று எழுதியவன் நான், எழுதியது பொய். முதலாளி ஏசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்போதுதான், ராத்தா, உங்கள் பெயர்ப் பலகையை இறக்கி வைத்த இடத்தில், அதற்கு மேல் கொடியில் மச்சானின் பெருநாள் சாரம் காய்ந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நீங்கள் இத்தனை வருடமாகக் கரையில் நின்று, ஒவ்வொருவருடைய பிள்ளைகுட்டியையும் விசாரித்துச் சம்பாதித்து வைத்த முகத்தை நான் ஒரு சுண்ணக்கட்டியால் அழித்துவிட்டேனே என்று நினைத்தேன். எனது ராத்தா இவர்களுக்கு முன்னால் இனி எப்படி வருவார் என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் உடைந்துவிட்டது. மீன்காரர்களுக்கு மத்தியில் நின்று அழுதேன். அதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை, யாரும் வெளிச்சம் அடிக்கவும் இல்லை. முதலாளி கதிரையில் இருந்து இறங்கி, ஓர் இறாலைத் தோல் உரித்து மணந்து பார்த்துவிட்டு, பெட்டிகளை இறக்கச் சொன்னார். சாள்ஸ் அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினார், அதுவும் நியாயம்.

இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது. 'உண்மைக் கடை' இறங்கிவிட்டது, உங்கள் பெயர் ஏறிவிட்டது. 'மர்ளியா'வில் ஒரு புள்ளி மட்டும் தேய்ந்திருக்கிறது, வந்து பார்த்து ஏசுங்கள். கரையில் மீன் தருகிறார்கள். வேன்கள் குறைந்துவிட்டன, பழைய ஆட்கள் திரும்பி வருகிறார்கள். மச்சான் பழையபடி அடுப்போடு நிற்கிறார். முன்னால் நான் நிற்கிறேன், ஆட்களோடு பிள்ளைகுட்டி விசாரிப்பதைத் தவிர வேறு ஒன்றும் கதைப்பதில்லை. விளம்பரத் தொழிலை நான் விட்டுவிட்டேன், ராத்தா. யாராவது கூப்பிட்டாலும் போக மாட்டேன். ஒரு மனுஷன் வாழ்நாளில் ஒரு தடவை எழுதாமல், திருத்தாமல், யாருக்கு என்ன விளைவு என்று கணக்குப் பார்க்காமல் வாயைத் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. இதை நெஞ்சில் கை வைத்து எழுதுகிறேன்.

ஸுஹைராவுக்கும் மருமகனுக்கும் என் சலாம். பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் பொறுமையையும், முடியுமானால் வேறு ஒரு மூக்கையும் தருவானாக. ஆமீன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும் தம்பி,
முஸம்மில்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு மீண்டும் பிரித்து எழுதுகிறேன். சிலாபத்தில் நான் அழுததை மச்சான், நான் பிடிக்கக் கொடுத்திருந்த என் போனில் முழுக்க எடுத்து வைத்திருந்திருக்கிறார். நேற்று அதைப் போனில் கடைக்கு நான் திறந்த அந்தப் பக்கத்தில் போட்டும்விட்டார். ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, இதில் பொய் ஒன்றும் இல்லையே என்கிறார். இப்ஹாம் வந்து சேர்வதற்குள் நீங்கள் தோஹாவில் பார்த்திருப்பீர்கள். மற்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மஃரிபுக்குப் பிறகு கொழும்பில் இருந்து ஷானிகா போனில் கூப்பிட்டாள், என்னை வீட்டுக்கு அனுப்பிய அதே மெனேஜர். தேங்காய் எண்ணெய்க் கம்பனி ஒன்றுக்கு இப்படி ஒரு முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். பழைய வேலையைவிடப் பெரிய வேலை தருகிறார்களாம். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள், காமெராவுக்கு முன்னால் அதே மாதிரி இன்னொரு தடவை அழ முடியுமா என்று. அது நெஞ்சில் இருந்து வந்தது, கேட்டவுடன் வராது என்று கோபமாகச் சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு, சும்மா, வருகிறதா என்று அறிவதற்காக மட்டும், உங்கள் அறைக்குள் போய் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன்.

வருகிறது, ராத்தா. இடது பக்கம் கொஞ்சம் திரும்பினால் இன்னும் நன்றாக வருகிறது.